ஐந்தாவது வயர்

பழைய பெட்டி கழன்றபோது
சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாய் நின்றது.
பலகைக்குப் பின்னே இரண்டு பல்லி முட்டை.
பியூஸ் கம்பிக்குப் பதில் எவனோ சுற்றிவைத்த
சிகரெட் பெட்டி ஈயத்தாள்.
மஸ்கெலியா ஈரம் போகாத இடம் ஏது,
செப்பு நுனியெல்லாம் பச்சை பிடித்திருந்தது.

புதுப் பெட்டி ஒரு சாண் மேலே.
கொழுந்துக் கூடை மாட்டும் ஆணி
அதே இடத்தில் இருக்கணுமாம் தவமலர் அக்காவுக்கு.
அந்த ஆணிக்காகப் பெட்டி ஏறியது,
வயர்கள் எட்டவில்லை.
நாலு விரற்கடை. சிலது ஆறு.

'முறுக்கி டேப்பைச் சுத்திவிடு தம்பி.'
முறுக்கி டேப் சுற்றியதைத்தான்
காலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்
என்று சொல்லவில்லை.

மெயின் இறங்கியிருக்கிறது.
இருந்தும் டெஸ்டரை வைக்கிறேன்,
எரியும் இடம் போய் டெஸ்டரையே சோதிக்கிறேன்,
திரும்பி வந்து மறுபடி வைக்கிறேன்.
செத்துவிட்டதென்று ஒரு தடவையில் நம்புவதில்லை.

மினுங்கும்வரை வெட்டு.
குறைவாய் இருப்பதை இன்னும் குறைத்துத்தான்
நீட்ட முடிகிறது, என்ன செய்ய.
குழலுக்குள் பழையதும் புதியதும்
எதிரெதிரே வந்து முட்டட்டும்.
நெரி. இழு. வரக்கூடாது.
பழைய சிவப்புக்குப் புது மண்ணிறம்,
பழைய கறுப்புக்குப் புது நீலம்.
மூட்டெல்லாம் ஒரே இடத்தில் வீங்காமல்
ஏற இறங்க விடு.
சிமெந்து பூசி மறைக்காதே,
மூடி கழற்றினால் தெரிகிற இடத்தில் வை,
நாளை வருகிறவன்
என்னைத் திட்டுவதற்கு வசதியாய்.

அடுப்படி, முன் லைட், டீவி, பிளக்.
நாலு என்று கணக்குச் சொல்லியிருந்தாள்.
வந்தது ஐந்து.

ஐந்தாவது ஒற்றைச் சிவப்பு, ஜோடி இல்லை.
தகரத்துக்குக் கீழே வளையோடு ஓடி
காம்பராச் சுவரின் ஓட்டையில் நுழைந்து
அந்தப் பக்கம் போயிற்று.

அந்தப் பக்கம் பிலோமினா.
இவள் போஞ்சிப் பாத்தியை அவள் கோழிகள் கிளறி
இருவரும் பேச்சை விட்டு மூன்று வருடம்.
பில் கட்டவில்லையென்று போர்டுக்காரர்
அவள் லைனைக் கழற்றி ஏழு மாதம்.
லயமே அறியும் இரண்டையும்.

'இது என்னக்கா?'
'எது?'
'இது.'
'அது கிடக்குது. அதையும் நீட்டிவிடு.'

நீட்டினேன். மெயினை ஏற்றினேன்.
நாலும் நின்றன.
ஐந்தாவதை ஏற்ற,
டப்.
பனியில் மதியமே மங்கியிருந்த வீடு
முழுக்க அணைந்தது.

புதுப் பெட்டிக்குள் ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறான்.
போன கரண்ட் எவ்வளவு, திரும்பினது எவ்வளவு,
துளி குறைந்தாலும் கொப்பியை மூடிவிடுவான்.
பழைய பியூஸுக்கு அந்தக் குணமில்லை,
போனதைப் பற்றி அது கேட்டதேயில்லை.
இங்கிருந்து சிவப்பில் போவது
பிலோமினா வீட்டுப் பழைய கறுப்பில்
தன்பாட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

'வேணாம்னு சொல்லுதா பெட்டி?'
'வேணாம்னு இல்லக்கா.
போனா திரும்பி வரணும்னு சொல்லுது.'
'அப்ப திரும்பி வர ஒண்ணு போடு.'

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது.
எனக்குத் தெரியும்.
அக்காவுக்கு என்னைவிடத் தெரியும்.

நீலம் ஒன்று, இயர்த்துக்குப் பச்சைமஞ்சள் ஒன்று,
அதே ஓட்டையில் தள்ளினேன்.
பாதியில் சிக்கியது.
பிறகு அந்தப் பக்கமிருந்து யாரோ
நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள்.
கண்ணாடி வளையல் சத்தம். பேச்சில்லை.

சுற்றிப் போனேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.
ஒரே ஒரு பல்பு, அறுபது வாட்,
தாழத் தொங்குகிறது.
கீழே பிஸ்கட் அட்டைப்பெட்டியில்
குளிருக்கு ஒட்டிக்கொண்டு
பதினோரு கோழிக்குஞ்சு.

இந்த முறை விழவில்லை.

மூடியில் பெயர் எழுத மார்க்கரைத் திறந்தேன்.
அடுப்படி. முன் லைட். டீவி. பிளக்.
ஐந்தாவதில் கை நின்றது.
'தையல் மெஷின்னு எழுது' என்றாள் அக்கா,
போஞ்சிக்கு நார் உரித்துக்கொண்டே.

அந்த வீட்டில் தையல் மெஷின் இல்லை.
எழுதினேன்.