நான்காம் அத்தியாயம்

மூன்று அத்தியாயங்கள் முடிந்துவிட்டன, சூசை.
பிறந்தாய். கப்பல் ஏறினாய்.
தஞ்சோங் பகார் கிட்டங்கியில் ஆள் இல்லாத நேரம்
அரிசி மூட்டையைக் குத்திக் கை பழகினாய்.
நான்காவதில் அந்தச் சனிக்கிழமை இரவு வரவேண்டும்.
ஏழு மாதமாக வாசலில் நிற்கிறேன்.

விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில்
நுண்படச் சுருளைச் சுழற்றிக்கொண்டே போனால்
திங்கட்கிழமைத் தாளில் நாலு வரி:
எட்டுச் சுற்று முடிவில், புள்ளிக்கணக்கில்,
பாட்லிங் சூசை தோற்றார்.
பக்கத்திலேயே தலைவலித் தைல விளம்பரம்,
உன்னைவிடப் பெரிது.

இதை டெக்காவில் ஆட்டிறைச்சி வெட்டும்
மீரா மைதீனிடம் சொன்னேன்.
கத்தியைக் கட்டையில் கொத்திவிட்டு வெளியே வந்தார்.
“தோத்தானா? எவன் சொன்னது?
இந்தா, இப்படி, இடது கை, தாடைக்குக் கீழே.
மணிலாக்காரன் மல்லாந்துட்டான்.
நடுவர் நாலு எண்ணுறதுக்குள்ள
நாங்க பத்து எண்ணி முடிச்சிட்டோம்.”
எத்தனையாவது சுற்றில் என்று கேட்டேன்.
மூன்று என்றார். காசு வாங்க வந்த அவர் மச்சான்
ஐந்து என்றார்.
நான் போன பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பந்தயம் பிடித்த ஆ செங் இப்போது பீஷானில்,
பதினோராவது மாடியில், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு.
அவருக்குக் குத்து எதுவும் நினைவில்லை.
“எழுபது வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.
தோற்றவன் மேல் கட்டியவனுக்கு
யாராவது பணம் கொடுப்பார்களா, நீயே சொல்.”
தாளைவிட இது வலுவான சான்று என்று
ஒரு கணம் எனக்கும் பட்டது.

மஸ்னாவுக்கு அப்போது ஒன்பது வயது.
சீட்டு வாங்கக் காசில்லை.
கேலாங் அரங்கின் பலகைச் சுவரில்
ஆணி உதிர்ந்த துளை ஒன்றைத் தம்பியும் அவளும்
முறைபோட்டுக்கொண்டு பார்த்தார்கள்.
அவள் முறை வரும்போதெல்லாம்
துளை நிறைய உன் முதுகுதான்.
யார் ஜெயித்தது தெரியாது என்கிறாள்.
நல்ல முதுகு என்கிறாள்.

அரங்கில் எத்தனை நாற்காலி இருந்திருக்கும்?
நான் விசாரித்தவரையில்
இந்தத் தீவு முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தது.
பிறக்காதவர்களும் இரண்டு மூன்று பேர்.

என் அலமாரியில் மற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகள்:
எல்லாம் ஒரே படிக்கட்டு.
பசியில் ஏறிப் பட்டத்தில் நின்று
புட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வரும்.
உனக்கும் அதே படிக்கட்டை வைத்துவிடலாமா என்று
யோசித்த வாரத்தில்தான்
கலியபெருமாளைப் பார்த்தேன்.
டிராக்‌ஷன் கம்பெனியில் சீட்டுக் கிழித்தவர்.

“குத்துச்சண்டையா? நான் பார்த்ததே இல்லையே.
அவனைப் பார்த்தேன். மறுநாள், ஞாயிறு, முதல் பஸ்.
கேலாங்கில் ஏறினான், மூஞ்சி பூசணிக்காயாட்டம்.
காசு எடுக்க வரலை, விரல் மடங்கலை.
நீங்களே எடுத்துக்குங்க அண்ணேன்னான்.
சட்டைப்பையில கைவிட்டேன்.
ஒரு ஜெபமாலை. பத்துக் காசு.
அப்புறம், சொன்னா நம்பமாட்டீங்க, ஒரு பல்லு.”

யார் பல்?

“அத எங்க கேக்குறது, பின்னால கூட்டம் நெருக்குது.
பத்துக் காச மட்டும் எடுத்துக்கிட்டேன்.
சீட்ட எங்க வைக்கிறதுன்னு முழிச்சேன்.
உதட்ட நீட்டினான், வச்சேன்.
ஓஃபீர் ரோடு மாதா கோயில் வரைக்கும்
கவ்விக்கிட்டே வந்தான்.”

நேற்றிரவு பழைய தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.
நான்காம் அத்தியாயம் இப்போது இப்படி இருக்கிறது:

பஸ் நிற்கிறது. மழை விட்டிருக்கிறது.
ஒருவன் ஏறுகிறான்,
இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தியபடி,
யாரோ கொடுத்தனுப்பிய பொருளைப் போல.