ஒன்றுக்கு ஐம்பது

வேலந்தாவளத்தில் தமிழ்நாட்டு பஸ் திரும்பிவிடும்.
இறங்கி, செக்போஸ்ட் தாண்டி நடந்தால்
கேரள பஸ் நிற்கும், அல்லது போயிருக்கும்.
மூன்றாவது வருஷமாக இந்த நடை.
தோளில் ஷீட் குழாய், கையில் ரோலர் ஸ்கேல்.
உள்ளே என்ன என்று ஒருமுறை கேட்டார்கள்.
கட்டிடம் என்றேன்.
திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.

ஐந்தாம் செமஸ்டர் டிசைனுக்கு
இந்தச் சந்தையையே எடுத்திருந்தேன்.
காய்கறிக்கு ஏலக் கூடம், லாரிக்குத் திருப்பம்,
சுமை இறக்குகிறவர்களுக்கு உட்கார ஒரு திட்டு.
நாற்பது நாள்.
காற்றுப் பூ வரைந்தேன், நீலத்தில்,
எந்தத் திசையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று
இதழ் இதழாக.
மேற்கு இதழ் மட்டும் தாளை விட்டு வெளியே நீண்டது.
பார்க்க நன்றாக இல்லை.
குறைத்து உள்ளே அடக்கினேன்.

கூரைக்கு இரண்டு சிறகு,
நடுவில் பள்ளம், மழை வந்து சேர.
நாலு எம்எம் சன்போர்டு, ஒன்றுக்கு ஐம்பது.
ராத்திரி இரண்டரைக்கு
கட்டைவிரலும் சுட்டுவிரலும் பசையில் ஒட்டிக்கொள்ள
மற்ற கையால் மீதித் தூண்களை நட்டேன்.
ஜூரியில் தூக்கி உள்ளே காட்டவேண்டுமே என்று
கூரையை மட்டும் ஒட்டவில்லை.

மறுநாள் எங்கள் பக்கம் ஆடிப்பெருக்கு.
அந்தப் பக்கம் வேலை நாள்.
கணவாய்க் காற்றைப் பற்றி என் ஷீட்டில்
"மிதமானது முதல் பலமானது வரை"
என்றிருக்கிறது, என் கையெழுத்தில்.
அது முகத்துக்கு நேராக வந்தது.
பழமொழியில் அம்மி பறக்கிறது.
அம்மிக்காவது எடை உண்டு.
இது அறுபது கிராம்.
அவசரமே இல்லாமல் எழும்பியது,
இரண்டு சிறகும் சேர்ந்து,
நான் வந்த வழியாகவே,
தக்காளி டெம்போக்களுக்கு மேலே.
பின்னால் ஓடினால் ஒன்பதே கால் பஸ் போய்விடும்.
முன்னால் ஓடினேன்.

"மேல்க்கூர எவிடே?"
கொச்சியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட்,
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி.
தமிழ்நாட்டில், மேடம்.
வகுப்பு சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.
பிறகு பென்சிலின் ரப்பர் முனையால்
காற்றுப் பூவைத் தொட்டு,
இந்த இதழின் ஸ்கேல் என்ன என்றார்.
மற்ற ஏழுக்கும் ஒன்று.
இதற்கு வேறு.
நான் சொல்லவில்லை. அவர் திரும்பக் கேட்கவில்லை.
தில்ஷாத்தின் மாடலில் லைட் எரிந்தது, அவளுக்கு ஏ.
எனக்குப் பத்து நாள், மறுபடி வரைய.

சனிக்கிழமை சந்தையில் இருந்தது அது.
மரியபுஷ்பம் அக்காவின் சாக்குக்கு மேல்,
மழைக்கென்று நான் வைத்த பள்ளத்தில்
எலுமிச்சை.
"காத்துல வந்துச்சு கண்ணு. என்ன சாமானோ தெரியல.
காய் உருளாம நிக்குது."
மேற்குச் சிறகின் மேல்
இரண்டு கிலோ படிக்கல் ஒன்று.
என்னுடையது என்று சொல்ல வாயெடுத்து
எலுமிச்சை என்ன விலை என்றேன்.

பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.
கல்லும் ஐம்பது மடங்கு நீளம்,
ஐம்பது மடங்கு அகலம், ஐம்பது மடங்கு உயரம்.
இருநூற்றைம்பது டன் வந்தது.
இரண்டு தரம் போட்டாலும் அதேதான்.
அமுக்கிப் பிடிக்க வேறு வழி பார்க்கவேண்டும்,
அல்லது பிடிக்கவே வேண்டாத ஒரு கூரை.

புதுத் தாளில் முதலில்
மேற்கு இதழ்.
ஓரத்தைத் தொட்டது.
பேனாவை எடுக்காமல்
இடது கையால் இன்னொரு தாளைத் தேடினேன்,
பக்கத்தில் வைத்து ஒட்ட.