நல்ல ஓட்டுநர்

நேப்பிள்ஸ் என்று முகவரி எழுதினாலே
பிரீமியம் இரட்டிப்பாகும்.
அதனால்தான் அஸுந்தா
தன் பழைய ஃபியட் பாண்டாவுக்கு
ஸ்டியரிங் பூட்டு, அலாரம், கடைசியில்
அந்தக் கறுப்புப் பெட்டியும் பொருத்தினாள்.
ஆண்டுக்கு நூற்று நாற்பது யூரோ மிச்சம்.

பெட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது:
இரவுப் பணி முடிந்து
மூன்று மணிக்குத் திரும்பும் ஆஸ்பத்திரிச் சாலை,
துறைமுக வளைவில் திடீர் பிரேக்
- பூனை என்று அதற்குத் தெரியாது -
செவ்வாய்க்கிழமைதோறும்
எர்கொலானோவில் ஒரு வாசலில்
எஞ்சின் அணைந்த ஒன்றரை மணி நேரம்.
அதற்கு மட்டும்
மதிப்பெண் குறையவில்லை.

நவம்பரில் வண்டி போயிற்று.
பூட்டை அறுத்தவன்
பெட்டியைப் பதமாகக் கழற்றி
அவள் வாசல் துளசித் தொட்டியில்
வைத்துவிட்டுப் போயிருந்தான்,
பச்சை விளக்கு சிமிட்டச் சிமிட்ட.

"வண்டி உங்கள் வீட்டெதிரேதான் நிற்கிறது, அம்மணி"
என்கிறான் போனில் ஒருவன்,
வரைபடத்தைப் பார்த்தபடி.

இன்று கடிதம்.
வேகம் மீறவில்லை. இரவில் ஓட்டவில்லை.
ஒரு திடீர் பிரேக்கும் இல்லை.
பாராட்டுகள்.
இன்னும் முப்பது யூரோ தள்ளுபடி.

பெட்டி நனையாமல்
செடிக்கு நீர் ஊற்றிவிட்டு
எர்கொலானோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள்.
செவ்வாய் அல்லவா.