எட்டு புள்ளி ஒன்று

வால்திவியாவில் நான்காம் நாளாக மழை.
அடித்தளத்தில் வேலை செய்பவளுக்கு
மழை என்பது சுவருக்குள் குழாய் இரையும் ஓசை மட்டும்.
நோயாளிகளை நான் பார்ப்பதில்லை.
ஒரு கண்ணாடிக் குழாய் வரும்,
ஒரு பெயர், ஓர் எண்.

அதிகாலை மூன்றுக்கு ஃபோன்.
நான்காம் தளத்து டாக்டர் பாரியென்டோஸ்.
"எர்சிலியா வென்சுமான். மாரடைப்பு.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று."
"எட்டுக்குக் கீழே போனால் கொடுக்கலாம்" என்றேன்.
சுவரில் ஒட்டிய தாள் அப்படித்தான் சொல்கிறது.
"தாள் சரிதான். ஆனால் இது பட்டினி கிடந்த இதயம்.
இதற்குப் பத்து வரை ஏற்றச் சொல்பவர்களும் உண்டு."
"உங்களுக்கு நிச்சயமா?"
"இல்லை."
நேர்மையான டாக்டரோடு இதுதான் தொல்லை.

பள்ளிக்கூடத்துச் சமையல்காரியாம்.
நின்று நின்று முழங்கால் தேய,
வலிக்கு விழுங்கிய மாத்திரை
வயிற்றில் புண்ணாகி,
ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் கசிந்திருக்கிறது.
வெளுத்த இரத்தத்தை வைத்துக்கொண்டு
இதயம் இரட்டை வேலை பார்த்திருக்கிறது,
கடன்காரனுக்கு ஒளிந்து நடப்பவனைப் போல.
திங்கட்கிழமை, நாற்பது லிட்டர் பயற்றுக் குழம்பை
அடுப்பிலிருந்து இறக்கும்போது
பிடிபட்டது.

இப்போது நாளத்தில் ஸ்டென்ட்.
அது அடைபடாதிருக்க இரத்தம் உறையக் கூடாது.
வயிறு ஆற வேண்டுமென்றால்
உறைந்தே ஆக வேண்டும்.
ஒரே உடம்பிலிருந்து இரண்டு மனுக்கள்,
ஒன்றையொன்று அடித்துக்கொண்டு.

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
ஓ பாசிட்டிவ், ஒன்பது பைகள்.
சனிக்கிழமை இரவு; பாலம் ஈரம்;
விடிவதற்குள் யார் எங்கே மோதுவார்களோ.
அதோடு, அளவு தப்பினால்
அந்தக் களைத்த இதயம் தள்ள முடியாமல்
நுரையீரலில் வெள்ளம் ஏறும்.
அமிர்தத்துக்குச் சொன்னது இதற்கும்தான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்:
என் கருவி
அந்தப் புள்ளி ஒன்றுக்கு முன்னும் பின்னும் தடுமாறும்.
அதே குழாயை மறுபடி வைத்தால்
ஏழு புள்ளி ஒன்பது என்னும், எட்டு புள்ளி மூன்று என்னும்.
எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது.

மறுபடி வைக்கவில்லை.
"ஒரு பை" என்றேன். "மெதுவாக, மூன்று மணி நேரம்.
பிறகு எண்ணிப் பார்ப்போம்."
மறுமுனையில் ஒரு பெருமூச்சு.
கையெழுத்து என்னுடையது.

காலை ஒன்பதுக்கு
நனைந்த கம்பளிச் சட்டையோடு ஒருவர்.
எடுத்ததற்கு ஈடாக உறவினரைக் கேட்பது இங்கே வழக்கம்.
பெலார்மினோ, படகுத்துறையில் டீசல் விற்பவர்.
'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
அக்கா, என்று எழுதினார்.
பிறகு தானாகவே,
"பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
அம்மா வைத்துப்போன ஃப்ரீசர் தகராறு."

விரலில் குத்தினேன். பதினைந்து புள்ளி இரண்டு.
ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு எண்கள்.

பை நிரம்பத் தொடங்கியதும் கேட்டார்:
"இது அவளுக்குப் போகுமா?"
"இல்லை. வேறு யாருக்கோ."
"அவளுக்கு ஏறியது?"
"யாருடையதோ."
கூரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.
"நல்லதாகப் போயிற்று.
என்னுடையது என்று தெரிந்தால் பிடுங்கி எறிந்திருப்பாள்."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
எதுவும் ஆடவில்லை.
கை மட்டும், சொன்னபடி,
ரப்பர் பந்தை அமுக்கியும் விட்டும்.

பழச்சாறு கொடுத்தேன். பாதி குடித்தார்.
"எந்தத் தளம்?" என்றார்.
"நான்கு."
லிஃப்ட் மூடியது.
கதவின் மேலே எண்கள் ஏறுவதை
அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.
ஒன்றில் நின்றது. அது வெளிவாசல்.
வெகுநேரம் ஒன்றிலேயே நின்றது.

மேலே அவளுக்கு இப்போது ஒன்பது.
இன்னொரு பை வேண்டுமா என்று
பாரியென்டோஸுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்குள் வேறொரு குழாய் வந்தது,
வேறொரு பெயர்,
ஏழு புள்ளி மூன்று.
இதில் யோசிக்க ஒன்றுமில்லை.
குளிர்பெட்டியைத் திறந்தேன்.