பந்து ஓடும் நேரம்

ஐரோப்பாவில் கிளப்புகளுக்கு எப்படி நடத்துகிறார்களோ
அப்படியே நடத்துவோம் என்றான் ததேயுஸ்.
தூத்தூர்க்காரன். சாரம் கட்டுகிறவன்.
மெஸ் பட்டியலின் முதுகில் கட்டம் போட்டான்:
பூர்வாங்கச் சுற்று, பிரதானச் சுற்று, மேல்சுற்று,
கடைசியில் நாலே பேர், ஒரே ஊர், மூன்று நாள்.

பிரிவுக்கு நாலு அணி.
நாலில் ஒருவர் வீட்டுக்காரர்,
அவர் முற்றத்தில்தான் எல்லா ஆட்டமும்.
அங்கே விருந்தாளிகள் விமானத்தில் இறங்குவார்கள்.
மஹ்பூலாவில் லாண்டரி அணி
தலைக்குக் கால் தினார் போட்டு வேனில் வந்தது,
பாதிப் பேர் இஸ்திரி வாசனையோடு.

யார் எந்தச் சுற்றில் தொடங்குவது?
அங்கே பல வருஷத்துப் புள்ளிக் கணக்கு உண்டு.
எங்களுக்கு ஏது வருஷம், ஏது புள்ளி?
சம்பளம் தேதிக்கு வரும் கம்பெனிகள்
நேராகப் பிரதானச் சுற்றுக்கு.
பாக்கிக் கம்பெனிகள் பூர்வாங்கத்திலிருந்து
ஏறி வரட்டும்.
ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.
பூர்வாங்கத்தில்தான் கூட்டம் அதிகம்.

நான் டைம் கீப்பர்.
சைட்டிலும் அதே, இங்கேயும் அதே.

பகலில்
கான்கிரீட் லாரி இரண்டு மணி நேரம் வராவிட்டால்
தாளில் இரண்டைக் கழிப்பேன்.
நின்ற நேரம் வேலை நேரம் ஆகாது:
உஸ்தாத் ரஃபாத்தின் சட்டம்.

வியாழன் இரவு
பதினேழாம் கட்டிடத்துப் பார்க்கிங்கில்
மஞ்சள் டேப் ஒட்டிய கோட்டைப் பந்து தாண்டினால்
பொத்தானை அமுக்கி நிறுத்துவேன்.
நின்ற நேரம் ஆட்ட நேரம் ஆகாது.
அதே சட்டம்தான்.
இங்கே யாருக்கும் கழியவில்லை.

அரையிறுதி. எதிரே நேபாளத்து செக்யூரிட்டிகள்.
பந்து கனம், துள்ளாது,
காலடியிலேயே பிடிவாதமாய்க் கிடக்கும்.
ஐந்து பிழை வரை பொறுப்பார்கள்.
ஆறாவதை நம்ம மொஹ்சின் செய்தான்,
அதுவும் சட்டையைப் பிடித்து.
சுவர் கிடையாது, பத்து மீட்டர்,
கேசர் ராய் மட்டும், கோலி மட்டும்.
சத்தம் வந்தபின்தான் பந்தைப் பார்த்தோம்.

ஒன்றுக்கு இரண்டு.
ததேயுஸ் கோலியை வெளியே கூப்பிட்டான்,
முதுகில் ஓட்டை போட்ட கோலிச் சட்டையைத்
தன் எண் மேலேயே மாட்டிக்கொண்டு
ஐந்தாவது ஆளாய் முன்னே ஏறினான்.
பின்னால் வலை காலி,
கதவைத் திறந்து போட்டுவிட்டு
கடைக்குப் போன வீடு மாதிரி.

முப்பத்தெட்டு விநாடி இருக்கும்போது
பந்து தண்ணீர் லாரிக்கு அடியில் போயிற்று.
நிறுத்தினேன்.

டிரைவர் தூங்குகிறான். சாவி அவன் இடுப்பில்.
ஒருவன் மண்ணில் படுத்துத் துடைப்பத்தால் துழாவுகிறான்.
பத்துப் பேரும் முழங்காலில் கை ஊன்றி
கடற்காற்றைக் குடிக்கிறார்கள்.
கேசர் ராய் தன் பாட்டிலை ததேயுஸிடம் நீட்டுகிறான்.
என் கட்டை விரலுக்குக் கீழே
முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு.
சைட்டில் இதைக் கழித்திருப்பேன்.

பந்து வந்தது, விசில் வந்தது, அமுக்கினேன்.
காலி வலைக்கு அவர்களே
பாதி மைதானத்திலிருந்து உருட்டிவிட்டார்கள்.
மெதுவாய்த்தான் போயிற்று,
எல்லோரும் பார்க்கும்படி.

அடுத்த பருவத்துக் கட்டத்தை
மாதக் கடைசியில் போட உட்கார்ந்தோம்.
பிரதானச் சுற்றில் எங்கள் பெயரை எழுதிவிட்டு
ததேயுஸ் தேதியைக் கேட்டான்.
இருபத்தாறு என்றேன்.
போன் வந்ததா?
இல்லை.

எச்சில் தொட்டு அழித்தான்.
பூர்வாங்கம், மூன்றாம் பிரிவு.
வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன்.
நாம்தான், என்றான்,
டேப் வாங்கக் காசு இருக்கா பார்.