மூன்று கல் இடம்

சண்டிலே ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்கிறான்:
வயரா, வயர் இல்லாததா?
சாட்ஸ்வொர்த்தில் இதற்கு
வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது.

மேட்டுவீட்டுப் பூபாலன் வயர் இழுத்தார்.
ஆறாம் நாள் காலை கேமரா நாலும் இருந்தன,
வயரைக் காணோம்.
செம்புக்கு விலை இருக்கிற ஊரில்
காவலுக்குக் கட்டிய கயிறே களவு போகும்.
மிச்சம் தொங்கியதைக் குரங்குகள் கடித்துப் பார்த்து,
பிடிக்காமல் துப்பிவிட்டுப் போயின.

எதிர்வீட்டு தெவானி வயர் இல்லாதது வாங்கினாள்.
பேட்டரி சாகும், மாற்ற மறப்பாள்.
மின்வெட்டு வந்தால் வைஃபை போகும்,
வைஃபை போனால் கேமரா
கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும்,
கோயில் கமிட்டிக் கூட்டத்தில் என் அண்ணன் மாதிரி.

எனக்கு இரண்டுமே வேண்டாம்.
பெர்த்திலிருந்து மகள்தான் பிடித்த பிடியில் நிற்கிறாள்.
"என் போனிலேயே பார்த்துக்கொள்வேன்மா,
நீ ஒன்றும் செய்ய வேண்டாம்."
அதுதான் பயம்.

இங்கே இரவு பதினொன்று, அங்கே விடிகாலை ஐந்து.
ரெஷானி ஐந்துக்கே எழுந்துகொள்ளும் ரகம்.
பதினொன்றுக்கு நான் பின்கதவின் மூன்று பூட்டையும் திறந்து
படியில் உட்காருவேன்.
ஒன்று. ஒரே ஒரு சிகரெட்.
இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர்
அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்,
அல்லது தெரியாததுபோல.

"கேட்டுக்கு வயர் இல்லாதது," என்கிறேன்,
"பின்னால் வயர். கூரைக்குள்ளேயே இழு.
பெட்டி அலமாரிக்குள் இருக்கட்டும்,
இன்டர்நெட் வேண்டாம்."
செலவு கூடும் என்கிறான்.
கூடட்டும்.

பகல் முழுக்கத் துளை போட்டான்.
அரிசி டப்பா வரை செங்கல் தூள்.
சாயங்காலம் திரையைக் காட்டி
பெருமையாகச் சொன்னான்:
பெட்டிக்கு முப்பது நாள் ஞாபகம் இருக்கும், மா.

முப்பது நாள்.
டிசம்பரில் அவள் வருகிறாள்.
பெட்டி என்றால் அவளுக்குத் திறந்து பார்த்தாக வேண்டும்,
சின்னதிலிருந்தே.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
படியோரம் இருந்த மைலோ டப்பாவை எடுத்தான்,
உள்ளே சாம்பலைப் பார்த்தான்,
இடதுபக்கம் சாக்கடை மூடிக்கு அருகே
மூன்று தரைக்கல் தள்ளி வைத்தான்.
"இந்த மூலை மட்டும் கேமராவுக்குத் தெரியாது.
திருப்பி வைக்கவா?"

வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் அவசரமாக.

இரவு பத்து ஐம்பது. போன் துடிக்கிறது:
அம்மா, படம் சூப்பர். கேட்டில் ஒரு பூனை.
நான் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து
என் மூன்று கல்லுக்கு வந்து
தீக்குச்சியைக் கிழிக்கிறேன்.

வருகிறவன் தொழில் தெரிந்தவனானால்
அவனும் இந்த மூலையைத்தான் கண்டுபிடிப்பான்.
ஒருவர் நிற்கத்தான் இடம்.