ஆட்சேபணை

பீடோங் துரைமார் கிளப்பில்
பில்லியர்ட்ஸ் மேசைமேல் கித்தான் விரித்து
அதைக் கோர்ட்டு என்றார்கள்.
ஜப்பான்காரன் போய் மூன்று மாதம்.
வாழைமர நோட்டை ஒட்டி
வெளியே பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேப்டனுக்கு இருபத்தைந்து இருக்கும்.
மலேரியா மாத்திரை தின்று மஞ்சளான முகம்.
சட்டப் புத்தகத்தில் விரல் வைத்து
வரி வரியாக நடந்தார்,
ஒரு வரி தாண்டினால் கண்ணிவெடி என்பது போல.

நான் மொழிபெயர்ப்பாளன்.
நாளுக்கு ஒரு டாலர், ஒரு டின் பால்.

கொளஞ்சியம்மாள். மூன்றாம் டிவிசன், பால்வெட்டு.
ராணுவக் கம்பளி நான்கு வைத்திருந்த குற்றம்.
நான்கிலும் சீட்டுக் கட்டி அடுக்கியிருந்தது.
ஒன்றில் இன்னும் குழந்தையின் மூத்திர வாடை.

விசாரிக்க இருப்பவர் எவர்மீதும்
உனக்கு ஆட்சேபணை உண்டா?
புத்தகத்தின் முதல் கேள்வி அது.
தோட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் புழக்கம் இல்லை.
"யாரையாச்சும் வேணாம்னு சொல்றியா?" என்றேன்.
காலையிலிருந்து ஆறு பேர்
உத்தரவுங்க என்று தலையாட்டிப் போயிருந்தார்கள்.

அவள் கேப்டனைப் பார்த்தாள்.
வாசலில் துப்பாக்கியோடு நின்றவனைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

"இந்தக் கிராணி வேணாம்.
பெரட்டுல நிக்க வச்சு
சயாமுக்குப் பேரு எழுதுனது இவருதான்.
எம்புருசன் அன்னைக்குக் காய்ச்சல்ல லயத்துல கெடந்தான்.
வரிசையில இல்லாதவன் பேரையும் எழுதுனாரு.
இவரு வாய் வழியா எம்பேச்சு போவ வேணாம்."

கேப்டன் பென்சிலை உயர்த்தினார்.
என்ன சொல்கிறாள்?

"என்னை வேண்டாம் என்கிறாள், சார்."

இவ்வளவு நேரம் பேசினாளே, என்றார்.
அவ்வளவுதானா?

பெரட்டு அவர்கள் சொல்தான். பரேடு.
எங்கள் வாயில் கிடந்து தேய்ந்தது.
திருப்பிக் கொடுக்கப் போனால்
நாக்கில் வரவில்லை.
மீதியையும் சொன்னேன்.
காய்ச்சல்வரை சொன்னேன்.
காய்ச்சலைச் சொன்னேனா என்பது
இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது.
பக்கத்தைக் கண்டுபிடித்தபோது
கேப்டன் முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம்,
பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையனுக்கு வருவது போல.
சுங்கைப்பட்டாணியிலிருந்து
வேறொரு தமிழ் வாய் வந்து சேரும்வரை
விசாரணை ஒத்திவைப்பு.

ஒன்பது நாள் லாக்கப்பில் இருந்தாள்,
நியாயம் கெடாமல் இருப்பதற்காக.
குழந்தை யாரிடம் இருந்தது
என்ற கேள்விக்குப் புத்தகத்தில் பக்கமில்லை.
நானும் கேட்கவில்லை.
அவளுக்கு என்ன தீர்ப்பானது என்று
தவுக்கே தெரியும், எனக்குத் தெரியாது. கடைக்காரன்தான் அந்தத் தவுக்கே.

அன்று நான் எழுந்து போகுமுன்
பதிவேட்டில் போட வேண்டும் என்று
என் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
மெதுவாகச் சொன்னேன்.
ஓர் எழுத்து தப்பாக விழுந்தது.

நான் ஆட்சேபிக்கவில்லை.